கூண்டு ஏறுவதற்கு முன்னால் வீட்டு மரத்தைக் கழிப்பது எப்படி

பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்த அரை மணி நேரத்தில் என் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். உச்சிப்புளி, மண்டபம், தங்கச்சிமடம், பெரியபட்டினம், கீழக்கரை என்று எல்லாப் பக்கமிருந்தும் ஒரே பேச்சுதான்: "அண்ணே, மரம் வீட்டு மேல சாயுற மாதிரி இருக்கு, இன்னைக்கே வந்து மொட்டையடிச்சு விட்ருங்க." இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். காற்று கிளம்பிய பிறகு நான் மரத்தில் ஏற மாட்டேன், என்னோடு வரும் பையன்களையும் ஏற்ற மாட்டேன். அப்படியே ஏறினாலும் மொட்டையடிக்க மாட்டேன், ஏனென்றால் மொட்டையடித்த மரம் அடுத்த மூன்று நான்கு வருடத்தில் முன்பைவிட ஆபத்தான மரமாகி நிற்கும். அதனால் வீட்டு முற்றத்தில் மரம் வைத்திருப்பவர்களுக்கும், இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிகளுக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எந்த மாதத்தில் கழிப்பது? நம் கரையில் வைகாசி பிறந்தால் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கத் தொடங்கிவிடும். அந்தக் காற்றில் உச்சிக் கொப்பில் காலூன்றி நிற்க முடியாது, வெட்டிய கொப்பும் நாம் நினைத்த பக்கம் விழாது. பங்குனி, சித்திரையில் கழித்தால் அதுவரை நிழலில் கிடந்த பட்டையில் வெயில் நேராக விழுந்து வெந்து வெடித்துவிடும். ஐப்பசி வந்தால் மழை. மழைக்கு முன்னால் மிச்சமிருப்பது ஆவணியும் புரட்டாசியும்தான். அப்போது காற்றும் தணிந்திருக்கும், கழித்த கையோடு மழைத் தண்ணீரும் கிடைத்து மரம் சீக்கிரம் தேறிக்கொள்ளும். காய்ந்துபோன கொப்பை மட்டும் எந்த மாதத்திலும் எடுக்கலாம்.

அருவாளை எடுக்கும் முன்

மரத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள், தூரிலிருந்து தொடங்குங்கள். ஆணிவேர் ஆழத்தில் இறங்கி மரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில் இரண்டு மூன்று அடிக்குள்தான் இருக்கின்றன, பக்கவாட்டில் மட்டும் நிழல் விழும் எல்லையைத் தாண்டி ஓடியிருக்கும். நம் மணலில் அந்தப் பரப்புதான் மரத்துக்கு ஆதாரம். காம்பவுண்டு சுவருக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ செப்டிக் டேங்க் குழி எடுக்கும்போதோ தொடை மொத்த வேர் இரண்டை அறுத்துப் போட்டுவிட்டு, "மரம் நல்லாத்தானே நிக்குது" என்று இருந்துவிடுகிறார்கள். நல்ல வெயில் காலத்தில் அது நிற்கத்தான் செய்யும். 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த மாதிரி ஒரு மழையில் மணல் கஞ்சியாகிவிட்டால், வேரை அறுத்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக மரம் அப்படியே படுத்துவிடும். அதனால் கடந்த ஐந்தாறு வருடத்தில் மரத்தைச் சுற்றி எங்கே தோண்டினோம் என்று வீட்டில் எல்லோரையும் கேட்டுப் பாருங்கள்.

சாய்ந்திருக்கிற மரமெல்லாம் விழப்போகிற மரம் இல்லை. கடற்கரையில் காற்று தள்ளித் தள்ளிச் சிறு வயதிலிருந்தே சாய்ந்து வளர்ந்த மரம் நுனியில் வளைந்து நிமிர்ந்திருக்கும், அது தன் எடைக்குத் தக்கபடி வேரையும் தண்டையும் பலப்படுத்திக்கொண்டது. போன வருடம் நேராக இருந்து இந்த வருடம் சாய்ந்திருந்தால், சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் விண்டு மேடு தட்டியிருந்தால், தூரை ஒட்டிக் காளான் முளைத்திருந்தால், அதுதான் கவலைப்பட வேண்டிய மரம்.

அப்புறம் கவட்டை. இரண்டு பெரிய வாது பிரியும் இடம் அகலமாக, வாய் விரிந்த மாதிரி இருந்தால் பயமில்லை. கையைச் சொருக முடியாத அளவுக்கு ஒடுக்கமாக இருந்து, இரண்டு பக்கப் பட்டையும் உள்ளே மடிந்து போயிருந்தால் அந்த இடத்தில் மரம் மரத்தோடு சேரவில்லை, பட்டையோடு பட்டைதான் முட்டிக்கொண்டிருக்கிறது. புயலில் முதலில் பிளப்பது அந்தக் கவட்டைதான்.

பொந்து இருந்தால் அருவாளின் பின்புறத்தால் தட்டிக்கொண்டே சுற்றி வாருங்கள். நல்ல மரம் 'ணங்' என்று பதில் சொல்லும், உள்ளே உளுத்திருந்தால் 'தொம்' என்று வெறும் டிரம்மைத் தட்டின மாதிரி கேட்கும். பொந்து விழுந்த மரத்தை எல்லாம் வெட்டத் தேவையில்லை, சுற்றிலும் கெட்டியான மரம் நல்ல கனத்துக்கு இருந்தால் ரொம்ப காலம் நிற்கும். நம் மாவட்டத்தில் நிற்கும் பப்பரப்புளி (பாவோபாப்) மரங்களைப் பாருங்கள், உள்ளே கோறையாகிப்போன பிறகும் கிழமாய் நிற்கின்றன.

கடல் பக்கம் பார்த்த இலையெல்லாம் கருகியிருக்கிறது, நோய் வந்துவிட்டது, அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்பார்கள். அது உப்புக்காற்றின் வேலை. அந்தக் கருகின நுனிகள்தான் உள்ளே இருக்கிற இலைகளுக்குத் திரை. திரையைக் கழற்றினால் அடுத்த வருடம் உள்வரிசை கருகும்.

எங்கே வெட்டுவது

நான் சொல்லவருவதில் முக்கியமானது இதுதான், மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். நமக்குக் காயம் பட்டால் ஆறிவிடும், பழைய சதை போய்ப் புதுச் சதை வரும். மரத்துக்கு அப்படி இல்லை. வெட்டுப்பட்ட இடம் அப்படியே உள்ளே கிடக்கும், அதைச் சுற்றி ஒரு தடுப்பு கட்டி, மேலே புது மரத்தால் மூடி, அழுகல் பரவாமல் பூட்டிவைக்கத்தான் மரத்தால் முடியும். அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷிகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து உலகத்துக்குச் சொன்ன விஷயம் இது. அப்போ நாம் வெட்டுகிற ஒவ்வொரு வெட்டும் அந்த மரம் சாகும் வரைக்கும் அதற்குள் இருக்கும். மரம் எளிதில் மூடிக்கொள்கிற இடத்தில் வெட்டினால் பிழைத்துக்கொள்ளும்.

அந்த இடம் எது? ஒரு வேப்பமரத்தின் பக்கத்தில் போய், கொப்பு தண்டோடு சேருமிடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். மேல்பக்கம் பட்டை சுருங்கி ஒரு வரி ஓடும், கருப்பாகச் சொரசொரப்பாக இருக்கும். கீழ்ப்பக்கம் கொப்பின் அடியில் சட்டைக் காலர் மாதிரி கொஞ்சம் பருத்திருக்கும், நான் அதைக் கழுத்து என்று சொல்வேன். அந்தக் கழுத்துக்குள்தான் மரத்தின் தடுப்புச் சுவர் இருக்கிறது. கழுத்தைத் தொடாமல், அதற்கு வெளியே, அதை ஒட்டி வெட்ட வேண்டும். தண்டோடு தண்டாக மழித்து எடுத்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கழுத்து போய்விட்டது, அழுகல் நேராகத் தண்டுக்குள் இறங்கும். அரை அடி முளை விட்டு வெட்டினால் அந்த முளை காய்ந்து, செல்லரித்து, அதன் வழியாகவும் உள்ளே போகும். இரண்டும் தப்பு.

கை மொத்தத்துக்கு மேல் இருக்கிற கொப்பை ஒரே வெட்டில் எடுக்காதீர்கள். பாதி அறுக்கும்போதே எடை தாங்காமல் கொப்பு தொங்கி, பட்டையை உரித்துக்கொண்டு தண்டில் இரண்டு முழம் கிழித்துவிடும். மூன்று வெட்டாகப் போடுங்கள். தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி, அடியிலிருந்து மேல்நோக்கி மூன்றில் ஒரு பங்கு வரை ஒரு வெட்டு. அதற்கு இரண்டு விரற்கடை வெளியே தள்ளி, மேலிருந்து கீழே இரண்டாவது வெட்டு, அதோடு கொப்பு கிழியாமல் ஒடிந்து போய்விடும். கையில் எடை இல்லாத அந்த ஒரு அடி முளையைக் கழுத்தை ஒட்டி நிதானமாக அறுப்பது மூன்றாவது. எடையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்: ஒரு அடி குறுக்களவும் பத்தடி நீளமும் உள்ள பச்சைக் கொப்பு ஏறக்குறைய 200 கிலோ வரும். வீட்டு ஓட்டுக்கு மேலே நிற்கிற கொப்பு என்றால் மேல் கவட்டையில் கயிற்றைப் போட்டுக் கட்டி, கீழே தண்டில் இரண்டு சுற்று சுற்றிப் பிடித்துத்தான் இறக்க வேண்டும், நான்கு பேர் கையால் பிடித்தால் நான்கு பேரையும் தூக்கும்.

சரி, எவ்வளவு எடுப்பது? ஒரு வருடத்தில் இலைக்கூட்டத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். காய்ந்தது, ஒன்றோடு ஒன்று உரசுவது, வீட்டுக் கூரையைத் தொடுவது, நீளமாக வெளியே நீட்டிக்கொண்டு நுனியில் கனம் சுமப்பது, இவை போதும். காற்று மரத்துக்குள் புகுந்து போக வழி கிடைத்தால் சரி. உள்ளே இருக்கிற சின்னக் கொப்பையெல்லாம் வழித்துவிட்டு நுனியில் மட்டும் கொத்தாக இலையை விடுகிறார்களே, அது இன்னும் மோசம், தூண்டிலில் மீன் கனக்கிற மாதிரி கொப்பு நுனியில் ஆடி ஆடி முறியும்.

மொட்டையடித்தால் என்ன ஆகும் என்பதைக் கீழக்கரையில் ஒரு வீட்டில் பார்த்தேன். பழைய வேம்பு, முற்றத்தின் நடுவில். நான் போவதற்கு நான்கு வருடத்துக்கு முன்னால் யாரோ வந்து பன்னிரண்டு அடியில் மொட்டையடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த வீட்டு ராத்தா (அக்கா), "அப்ப நல்லாத்தான் தம்பி இருந்துச்சு, மறு வருசமே முன்ன விட அடர்த்தியா வந்துருச்சு" என்றார். வரத்தான் செய்யும், பசியில் இருக்கிற மரம் தூங்குகிற மொட்டுகளையெல்லாம் எழுப்பி விடும். ஏறிப் பார்த்தேன். வெட்டின வட்டத்தின் விளிம்பைச் சுற்றி ஒன்பது கொப்பு, ஒவ்வொன்றும் என் தொடை மொத்தம், இருபதடி உயரம். வட்டத்தின் நடுவில் விரலை வைத்து அழுத்தினேன், ஊறின ரஸ்க் மாதிரி உள்ளே போனது, மழைத் தண்ணீர் தேங்கி மணிக்கட்டு வரைக்கும் குழி. அந்த ஒன்பது கொப்பும் உள்மரத்திலிருந்து பிறந்தவை இல்லை, அழுகுகிற கிண்ணத்தின் வெளி விளிம்பில் ஒட்டிக்கொண்டு நின்றவை. இயல்பாக வளர்ந்த கொப்பு தண்டுக்குள் வேரூன்றி இருக்கும், இது ஒட்ட வைத்தது மாதிரி. அன்றைக்கு மூன்று கொப்பை எடுத்து, மீதியின் உயரத்தைப் பக்கக்கொப்பு பிரிகிற இடமாகப் பார்த்துக் குறைத்துவிட்டு வந்தேன். ஒரேயடியாக எடுத்திருந்தால் மறுபடி அதே கதைதான்.

மரத்துக்கு மரம்

முருங்கைக்கு மேலே சொன்னது பொருந்தாது, அதை ஆள் உயரத்துக்கு வெட்டிவிடலாம், தானே ஒடிகிற மரம் அது. பூவரசும் வெட்டைத் தாங்கும். சவுக்கை மட்டும் தலையை வெட்டாதீர்கள், நம் கடற்கரைச் சவுக்கு மறுதுளிர் ஒழுங்காக விடாது, பெரும்பாலும் பட்டுப்போகும்.

தென்னை வேறு சாதி. அதற்குக் கிளையும் இல்லை, காயத்தை மூடுகிற சக்தியும் இல்லை, தண்டில் ஒரு வெட்டு விழுந்தால் அது ஆயுசுக்கும் திறந்த வாய்தான். ஏற வசதியாக இருக்கிறதென்று தண்டில் படி வெட்டுவதை விட்டுவிடுங்கள், பச்சைக் காயத்தின் வாசனைக்கு சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். குருத்து ஒன்றே ஒன்று, அது போனால் மரம் போனது. மழைக்கு முன்னால் தென்னையில் எடுக்க வேண்டியது காய்ந்த மட்டை, பன்னாடை, வெறும் பாளை, விளைந்த காய், அவ்வளவுதான். படுக்கை வாட்டத்துக்கு மேலே நிமிர்ந்து நிற்கிற பச்சை மட்டையைத் தொடாதீர்கள். ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு மட்டைதான் மரம் விடுகிறது, ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு குலை உட்கார்ந்திருக்கிறது, மட்டையை எடுத்தால் குலைக்குத் தாங்கல் போய்விடும். ஏறுவதற்கு முன் கொண்டையை நன்றாக அண்ணாந்து பாருங்கள். கதண்டு (விஷக் குளவி) கூடு இருந்தால் அன்றைக்கு வேலை கிடையாது, தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள், அவர்கள் வந்து அழிப்பார்கள். தண்டில் ஓட்டை விழுந்து பழுப்புச் சாறு வடிந்தால், காதை வைத்தால் கரகரவென்று அரிக்கிற சத்தம் கேட்டால் அந்த மரத்தில் ஏறவே ஏறாதீர்கள், கொண்டையோடு முறியும்.

பனையைப் பற்றி ஒரு வார்த்தை. காய்ந்த ஓலையை எடுக்கலாம். மரத்தை வெட்ட வேண்டுமென்றால் கலெக்டர் அனுமதி வேண்டும், 2021-லிருந்து அரசு உத்தரவு அப்படி, சொந்த நிலத்தில் நின்றாலும்தான். ரோட்டோர மரம், புறம்போக்கு மரம் எதையும் கேட்காமல் வெட்டக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

காட்டுக்கருவையை, அதாவது சீமைக்கருவேலத்தை, தரையோடு வெட்டினால் பத்துத் துளிராக வரும். மண்ணுக்குள் ஒரு அடி தோண்டித் தூர்க்கட்டையோடு பெயர்த்தால்தான் போகும். முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும், அதனால் ஷூ போடுங்கள், குத்திவிட்டால் டி.டி. ஊசி போடாமல் இருக்காதீர்கள்.

கரண்டும் கயிறும்

இந்த வேலையில் நான் பார்த்த சாவுகளில் பாதி உயரத்தால் வந்ததில்லை, கரண்டால் வந்தது. அலுமினியக் குழாயில் தொரட்டி செய்து முருங்கைக்காய் பறிக்கப் போவது, இரும்பு ஏணியைக் கொப்பில் சாத்துவது, லைனை உரசுகிற ஈரக் கொப்பை நீளக் கம்பால் தள்ளுவது. தொரட்டிக்குக் காய்ந்த மூங்கில்தான், அதுவும் லைனுக்குப் பத்தடி தள்ளித்தான். மரம் லைனுக்குப் பக்கத்தில் இருந்தால் முதலில் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். மின்னகம் எண் 94987 94987, எந்த நேரமும் எடுப்பார்கள். அவர்கள் ஆள் வந்து சப்ளையை நிறுத்திவிட்டேன் என்று உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்ன பிறகு ஏறுங்கள், போனில் சொன்னதை நம்பி ஏறாதீர்கள்.

கயிறு விஷயத்தில் நம் கரையில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. போட்டில் கழித்துப் போட்ட நைலான் கயிறு சும்மா கிடைக்கிறதே என்று இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். வெயிலிலும் உப்பிலும் கிடந்த கயிறு வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே மக்கிப்போயிருக்கும். முறுக்கைப் பிரித்துப் பாருங்கள், தூள் உதிர்ந்தால் அது மாடு கட்டக்கூட ஆகாது. ஆளுக்கு ஒரு புதுக் கயிறும் இடுப்போடு தொடையையும் பிடிக்கிற பெல்ட்டும் வாங்குங்கள், அந்தக் கயிற்றில் கட்டையை இறக்காதீர்கள். பெல்ட்டில் ஒருவர் மயங்கித் தொங்கினால் நிமிடக் கணக்கில் இறக்கியாக வேண்டும், ஆகவே கீழே ஏறத் தெரிந்த இன்னொரு ஆள் எப்போதும் இருக்க வேண்டும்.

மிஷின் வாளை ஏணியில் நின்றுகொண்டோ, தோளுக்கு மேல் தூக்கியோ, ஒற்றைக் கையிலோ ஓட்டாதீர்கள். கைலியோடு ஓட்டவே ஓட்டாதீர்கள். நம் கடற்கரையில் பட்டை இடுக்கெல்லாம் காற்று கொண்டுவந்த மணல் இருக்கும், அறுக்கும் இடத்தைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு அறுங்கள், இல்லையென்றால் பத்து நிமிடத்தில் செயின் மழுங்கிவிடும். மழுங்கின செயினை அழுத்திப் பிடிக்கும்போதுதான் மிஷின் முகத்துக்குத் துள்ளும்.

2018-ல் கஜா புயலுக்கு அப்புறம் பேராவூரணிப் பக்கம் விழுந்த மரங்களை அறுக்கப் போயிருந்தோம். நின்ற மரத்தைவிட விழுந்த மரம் ஆபத்து. இரண்டு முட்டுக்கு நடுவில் வளைந்து கிடக்கிற தண்டு வில் மாதிரி விசையேறிக் கிடக்கும். உள்வளைவில், அதாவது அமுங்கியிருக்கிற பக்கத்தில், முதலில் கொஞ்சம் வெட்டி, பிறகு இழுபடுகிற பக்கத்தை மெதுவாக அறுங்கள், வில்லின் வெளிப்பக்கம் நிற்காதீர்கள். வேரோடு சாய்ந்த மரத்தில் தண்டை அறுத்தவுடன் வேர்க்கட்டை மண்ணோடு சட்டென்று குழிக்குள் நிமிரும். அந்தக் குழிப்பக்கம் குழந்தைகளை விடாதீர்கள்.

கூலி பேசும்போது, "விறகை நீயே எடுத்துக்க, கூலி வேண்டாம்" என்று மட்டும் பேசாதீர்கள். விறகுதான் கூலி என்றால் வெட்டுகிறவர் கண்ணுக்குக் காய்ந்த சுள்ளி தெரியாது, மொத்தமான நல்ல கொப்புதான் தெரியும், அவரைக் குறை சொல்லவும் முடியாது. கூலியைக் கூலியாகக் கொடுங்கள், எந்தக் கொப்பு என்று சுண்ணாம்பால் குறி போட்டுக் காட்டுங்கள். தென்னை ஏறுகிற தம்பிகள் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேரா சுரக்‌ஷா காப்பீட்டில் சேர்ந்துகொள்ளுங்கள், பனையேறிகளுக்குப் பனைமரத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. விழுந்த பிறகு யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கிற நிலைமை வரக் கூடாது.

வெட்டி முடித்ததும் வெட்டில் தார், பெயின்ட், சாணி, சிமென்ட் எதையும் பூசாதீர்கள். பூசினால் உள்ளே ஈரம் தங்கும், அவ்வளவுதான் லாபம். காய விடுங்கள். சரியான இடத்தில் வெட்டியிருந்தால் அடுத்த ஆவணிக்குள் வெட்டின் விளிம்பைச் சுற்றி உதடு மாதிரி ஒரு வளையம் எழும்பும், முழு வட்டமாக எழும்பினால் வெட்டு சரி. மேலேயும் கீழேயும் எழும்பாமல் பக்கத்தில் மட்டும் எழும்பியிருந்தால் கழுத்தில் கை வைத்துவிட்டோம் என்று அர்த்தம், அடுத்த மரத்தில் ஒரு விரற்கடை வெளியே தள்ளி வெட்டுங்கள். கீழக்கரை வேம்பில் நான் எடுத்த மூன்று கொப்பில் மிகச் சின்னதின் வெட்டை போன புரட்டாசியில் ஏறிப் பார்த்தேன், ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத்தான் பழைய மரம் தெரிந்தது. மற்ற இரண்டுக்கும் இன்னும் சில வருடம் ஆகும். ராத்தாவிடம் ஒவ்வொரு ஆவணியிலும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன், மீதி ஆறு கொப்பையும் இன்னும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.